கடை டிவியில் தங்கச்சி

எங்கள் பழைய டிவிடி பிளேயர் போன மாரியில் மின்னலோடு போய்விட்டது. என் மடிக்கணினியில் சீடி போட இடமே இல்லை. தங்கச்சி பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டு வீடியோவைத் திரும்பப் பார்க்க அம்மாவுக்கு ஆசை. "விலை குறைஞ்சதா ஒண்டு பாத்து எடு" என்று பொறுப்பை என்னிடம் தந்தார்.

எனக்குச் சொல்லவா வேண்டும்! இணையத்தில் கிடந்ததையெல்லாம் மேய்ந்தேன். கீறல் விழுந்த சீடியைப் போட்டுப் பார்த்தால்தான் மலிவுப் பிளேயரின் தரம் தெரியுமாம். எங்கள் வீட்டில் கீறல் கூடியது அந்தச் சாமத்தியவீட்டுச் சீடிதான். தங்கச்சியிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. எடுத்துக்கொண்டு புதுக்குடியிருப்பு மின்சாமான் கடைக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைப் பிரித்தார். முதலாவது பிளேயர் சீடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் துப்பியது. இரண்டாவது உடனே வாசித்தது. ரோட்டைப் பார்த்தபடி மாட்டியிருந்த பெரிய டிவியில் ஒரு தாமரைப்பூ விரிய, அதற்குள்ளிருந்து தங்கச்சி எழுந்து வந்தாள். வீடியோக்காரரின் கைவண்ணம்.

"சத்தத்தைக் கூட்டுங்கோ அண்ணை, இரையுதோ எண்டு பாப்பம்."

நாதஸ்வரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை போனது. ரிமோட்டை நானே வாங்கினேன். மஞ்சள் சேலையில் அவள் கண்ணாடி பார்க்கும் இடத்தில் நிறுத்தி, முகத்தைப் பெருப்பித்தேன்.

"பாத்தீங்களே, சூம் பண்ணியும் படம் உடையேல்லை!"

பின்னால் சிரிப்பு. பக்கத்து ஒழுங்கையில் டியூஷன் விட்டிருந்தது. பெடியள் சைக்கிளில் காலூன்றி நின்றார்கள்.

"டேய், இது எங்கட வகுப்புப் பிள்ளையெல்லோ!"

"அண்ணை, தாமரைப்பூவை இன்னொருக்காப் போடுங்கோ!"

அவர்களுக்குப் பின்னால், சைக்கிளைப் பிடித்தபடி தங்கச்சி. பதறிப்போய் எதையோ அழுத்தினேன். படம் நிற்கவில்லை; மெதுவாக ஓடத் தொடங்கியது. திரை நிறைந்த அந்த முகம் மெல்ல மெல்லத் திரும்பி ரோட்டைப் பார்த்துச் சிரித்தது. ரோட்டில் நின்றவள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

பிளேயரோடு வீட்டுக்கு வந்தபோது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சூம் நல்லா வேலை செய்யுதோ?"

"நான் யோசிக்கேல்லையடி..."

"நாளைக்கு டியூஷனுக்கு நீ போ. உன்னட்டத்தானே தாமரைப்பூ கேக்கிறாங்கள்."

கொஞ்ச நேரத்தில் அம்மா பக்கத்து வீட்டு அன்ரியையும் கூட்டிவந்து கதிரைகளை இழுத்துப் போட்டார். "சாமத்தியவீட்டைப் போடு தம்பி."

குசினியில் துருவும் சத்தம் நின்றது.

"அந்தச் சீடியை இது வாசிக்குதில்லை அம்மா."

"என்ன? கடையில போட்டுப் பாக்கேல்லையோ?"

"இல்லை."

"இவ்வளவு கதை கதைச்சுப்போட்டு, நீ பாத்தெடுத்த சாமான் இதுதானோ?"

"எங்கட மருமோனைக் கேட்டிருந்தா நல்லதா எடுத்துத் தந்திருப்பான்" என்றார் அன்ரி.

"ஓம் அன்ரி" என்றேன். சீடி என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

அடுத்த நாள் தங்கச்சி வழமையைவிட நேரத்தோடு வெளிக்கிட்டாள். படலையைத் தாண்டி வாய்க்கால் ரோட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாள். டியூஷனுக்கு அது சுற்றுப்பாதை. அந்தக் கடை மட்டும் அதில் இல்லை.