அட்டைக்குள் ஒட்டிய பக்கம்

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. றக்வானை பஸ்ஸில் மிச்சக் காசுக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றால், பக்கத்து சீட்காரர் என்னைச் சிங்கள ஆள் என்றே நினைத்துக்கொள்வார். ஆனால் அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. காதால் பழகிய பாஷை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "அட, கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேனே, கொஞ்சம் வாசிங்க பாப்போம்" என்று யார் தலையிலாவது கட்டிவிடுவேன். ஒரு வாத்தியாருக்கு வாசிக்கத் தெரியாது என்று எவன் நினைக்கப் போகிறான்? வருஷக்கணக்காக இந்த நாடகம் ஓடியது.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்த ஒரே விஞ்ஞான டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் தமிழும் வரலாறும் எடுக்கிறவன். "நீங்கதானே சீனியர், சமாளிங்க" என்று ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சை வகுப்பு விஞ்ஞானத்தை அதிபர் என் தலையில் இறக்கினார். புத்தகத்தைத் திறந்தால் மின்னோட்டம், தடை என்று என்னென்னமோ இருந்தது. முதல் நாள் இரவே வாசித்துவிட்டுப் போவேன். பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டால் வியர்த்துக் கொட்டும்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். டாக்டராகணும், வக்கீலாகணும் என்றெல்லாம் பேசமாட்டாள். ஓ.எல். முடித்து ஏ.எல். சயன்ஸ் படிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. எங்கள் பக்கம் எட்டுகிற தூரத்தில் தமிழில் அந்த வகுப்பு இல்லை. அட்டன் பக்கம் அவளுடைய மாமா வீடு இருந்தது, அங்கே போனால் படிக்கலாம். ஆனால் விஞ்ஞானத்தில் நல்ல பாஸ் இருந்தால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள்.

வீட்டில் வேறு சிக்கல். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருந்தது அவளுடைய அம்மா மட்டும்தான். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, மலை ஏற முடியவில்லை. வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து வேலைக்கு வர வேண்டும், இல்லையென்றால் தோட்டம் கொடுத்திருந்த லயத்துக் காம்பரா வீட்டை விட்டுவிட வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அவளுடைய அப்பா பஜாரில் மூட்டை தூக்குகிறவர். ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"சேர், ஒன்னு சொல்றேன். புள்ள சயன்ஸ் பாஸ் பண்ணுனா நான் பஜார் வேலைய விட்டுட்டு தோட்டத்துல பேர் பதிஞ்சுக்கிறேன், அவள அட்டனுக்கு அனுப்பிர்றேன். பாஸ் பண்ணலன்னா அவ பேரத்தான் பதியணும். எனக்கு வேற வழி தெரியல."

"நான் பாத்துக்கிறேன், நீங்க கவலப்படாதீங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ!

தைரியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. அந்தச் சமயத்தில்தான் இரத்தினபுரியில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். இனி ஆசிரியர் இல்லாத இடத்தில் இன்டர்நெட்தான் ஆசிரியர், உலகமே உங்கள் வகுப்பறைக்குள் வரும் என்று ஒருவர் பேசினார். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை றக்வானை பஜாருக்கு இறங்கினேன். போட்டோகொப்பி, டெலிபோன், ஒரே ஒரு கம்ப்யூட்டர் என்று வைத்து ஒரு முஸ்லிம் நானா கம்யூனிகேஷன் கடை நடத்தினார். கடையில் எனக்குத் தெரிந்த பெற்றோர் இரண்டு பேர் போன் பேசக் காத்திருந்தார்கள். "வாங்க சேர், என்னா தேடணும்?" என்று நானா எனக்கு நாற்காலி போட்டார். ஓ.எல். விஞ்ஞானம், தமிழில் வேண்டும் என்றேன். அவர் தட்டினார். லைன் முக்கி முனகி, கடைசியில் ஒரு பக்கம் திறந்தது. முழுக்கச் சிங்களம்.

"இதுவா சேர்?"

கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. கம்ப்யூட்டர் பார்க்கப் போகிறோமே என்று வீட்டிலேயே துடைத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். சட்டைப் பையைத் தடவ வழியில்லை. அந்த இரண்டு பெற்றோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஆறுதலாக வாசிக்கிறவன் மாதிரி தலையை ஆட்டினேன். "இது இல்ல நானா, வேற பாருங்க" என்றேன். "சேர் சொன்னா சரி" என்றார். அதற்குள் கை தவறி அந்தப் பக்கத்தைப் பிரின்ட் கொடுத்திருந்தார். சரி, அதையும் தாருங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

பிறகு வந்தது தமிழ்! திரை நிறையத் தமிழ். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு யாரோ போட்டிருந்த விஞ்ஞானக் குறிப்பும் கேள்வி பதிலும். எங்கள் புத்தகத் தமிழ் எனக்கே தொண்டையில் அடைக்கும். இதுவோ நம் வீட்டில் பேசுகிற மாதிரி நெஞ்சுக்குள் இறங்கியது. நம் பாட்டன் பூட்டன் ஊர்க்காரர்கள் நமக்கென்றே எழுதி அனுப்பின மாதிரி இருந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. மொத்தத்தையும் பிரின்ட் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரே கட்டாகத் தைத்து, பிஸ்கட் பெட்டி மட்டையில் அட்டை போட்டேன். அட்டைக்கு மேலே ஒட்ட வெள்ளைத்தாள் இல்லை. அந்தச் சிங்களப் பக்கத்தின் அச்சுப்பட்ட பக்கம் உள்ளே போகும்படி சோற்றுப்பசை தடவி ஒட்டி, வெள்ளைப் பக்கத்தில் 'விஞ்ஞானம்' என்று பெரிதாக எழுதி அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் அவள் வந்து நின்றாள். "சேர், நம்ம புத்தகத்துல இருக்கிற பாடம் பாதி இதுல இல்லயே. இதுல இருக்கிறது அதுல இல்ல."

"புத்தகம் எப்பவோ அடிச்சது. இது இன்டர்நெட்ல வந்தது, புதுசு. வெளிச்சம் இந்தியாவுல ஒரு மாதிரியும் றக்வானையில ஒரு மாதிரியுமா போகப்போகுது? சும்மா கேள்வி கேக்காம இதப் பாடமாக்கு."

பாடமாக்கினாள். படுபாவி நான், அவளைப் பாடமாக்க வைத்தேன். மூன்று மாதம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அந்தக் கட்டை வரி பிசகாமல் ஒப்பித்தாள். கேட்கக் கேட்க எனக்குப் பெருமை வேறு. அதிபரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் முகத்தில் இரத்தம் இல்லை. "நாம படிச்சதுல நாலஞ்சு கேள்விதான் சேர் வந்திச்சு. நான் என்னா செய்யிறது?" என்றாள். பயப்படாதே, அதெல்லாம் வந்துவிடும் என்று மறுபடியும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

வரவில்லை. மற்றப் பாடமெல்லாம் பாஸ், விஞ்ஞானம் பெயில். அந்த மாதமே அவள் பேரைப் பதிந்துவிட்டார்கள். அவளுடைய அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பஜாரில் கண்டால் முன்னைப்போலவே தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டுப் பேசினார். அவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்துக்கு ஆட்கள் போகிற நேரம், பாதையில் என்னை நிறுத்தினாள். தலையில் கூடை, இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு. கையில் அந்தக் கட்டு.

"சேர், இது ஒங்க கட்டு. கூரை ஒழுகி நனைஞ்சிருச்சு. அட்ட கழண்டிருச்சு." ஒட்டியிருந்த தாள் உரிந்து தொங்கியது. அதைப் புரட்டி, சிங்கள எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "இதுல என்னா போட்டிருக்குன்னு பாத்தீங்களா? சாதாரண தரம், விஞ்ஞானம், பழைய வினாத்தாள், விடை. கீழ பாருங்க, தமிழ் மொழிமூலம் வேணும்னா இங்க அழுத்தச் சொல்லியிருக்கு."

தடங்கலே இல்லாமல் வாசித்தாள். ஐந்து வருஷம் என் வகுப்பில் இருந்த பிள்ளை.

"நீ எங்க சிங்களம் வாசிக்கப் படிச்ச?"

"கீழச் சிங்களக் கிராமத்துல ஒரு அக்கா சொல்லித் தந்தாங்க சேர், சின்னதுல. நீங்க யாரும் கேக்கலயே." பிறகு, குற்றம் சொல்கிற குரலில் அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, "நீங்க அன்னிக்கு இத வாசிக்கலயா சேர்?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். மற்ற ஆட்கள் மேலே ஏறிப் போயிருந்தார்கள், பாதையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. எனக்கு இந்த எழுத்துத் தெரியாது பிள்ளை, அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் உன் தலையில் கூடையைத் தூக்கி வைத்தேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"அன்னிக்குக் கண்ணாடி கொண்டு போகல" என்றேன்.

"அச்சச்சோ" என்றாள். என் மேல் இரக்கப்பட்டாள். "அடுத்த தடவ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க சேர், நான் வாசிச்சுச் சொல்றேன். இப்ப இருக்கிற புள்ளைங்களுக்காவது ஒதவும்."

மேலே கங்காணி சத்தம் போட்டார். கட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவள் மலை ஏறினாள்.