மெழுகுவர்த்தி அணைந்த தொட்டி

1984 அக்டோபர் 9, செவ்வாய், காலை பத்து இருபது. செஞ்சியில் தூறல். மலைப் பக்கமிருந்து ஈரக்காற்று.

அன்பானவர்களே, அன்று நடந்ததைச் சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பிரதர் அந்தோனியோவுக்கு உதவியாக இருந்தேன். இத்தாலியில் பிறந்தவர், இருபத்தாறு ஆண்டுகளாகச் செஞ்சிதான் அவருக்கு ஊர். உரிமம் பெற்று, தம் நாட்டு முறைப்படி பூசைக்குச் சிவப்புத் திராட்சை ரசம் செய்வார்.

திராட்சை புளிக்கும்போது மூச்சை அடைக்கும் வாயு ஏழடித் தொட்டியின் அடியில் தங்கும். ரசத்தை வடித்தபின் தோலை அள்ள இறங்குமுன், மெழுகுவர்த்தியைக் கயிற்றில் மூன்று முறை இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் இறங்கக் கூடாது. அன்று முதல் முறையே அணைந்தது.

"இன்னா வாத்தியாரே, காத்தா, கேஸா?"

"கதவு தொறந்திருக்குது பிரதர். காத்துதான்."

எதையும் மூன்று முறை எண்ணும் நான் மறுபடி இறக்கிப் பார்க்கவில்லை. அவர் இறங்கினார். இரண்டு கூடை மேலே வந்தது. மூன்றாவது வரவில்லை. எட்டிப் பார்த்தேன். குப்புறக் கிடந்தார்.

"ஆண்டவரே, தப்பு என்னுது! அவரைக் காப்பாத்தும்!" என்று அலறியபடி ஏணியில் கால் வைத்தேன். அப்போது எதிர்வீட்டுக் கிணற்றடியில் இரும்பு கலகலத்தது. காஜா பாய், விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். கொக்கிகள் தொங்கும் அந்த இரும்பு பத்து நாளில் எட்டு நாள் எங்காவது இரவல் போயிருக்கும். அடகாக ஒரு பொருள் வைத்தால்தான் தருவார். ஓடினேன். பழக்கத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன்.

"யோவ் வாத்தியாரே, உசுரு போவுது, வாட்ச் கழட்டினு நிக்கிறியே! நட!"

தொட்டியருகே என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீயும் எறங்குனா ரெண்டு பேரைத் தூக்கணும்."

மூன்றாம் வீச்சில் கொக்கி பிரதரின் தோல் பெல்ட்டில் மாட்டியது. பாயின் மகன்கள் இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கயிற்றில் ஒரு புரி அறுந்தது. இன்னொன்றும் அறுந்தது. மூன்றாவது தாங்கியது.

தரையில் கிடத்தினோம். எண்ணினேன், வேறென்ன செய்வேன்? அறுபத்திரண்டில் இருமினார்.

"எத்தினி கூடை ஆச்சு வாத்தியாரே?"

"ரெண்டு பிரதர்," என்று அழுதேன்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் பூசையில் வைத்தது அந்த ரசம்தான். இப்போதெல்லாம் முதலில் முழங்காலிடுகிறேன். பிறகு மூன்று முறை மெழுகுவர்த்தி இறக்குகிறேன். உங்கள் பிழையே உங்களை அமுக்கும்போதும் ஆண்டவரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். நான் கூப்பிடுமுன்பே அவர் பாயின் வாளியைக் கிணற்றில் விழ வைத்திருந்தார்.

பாய் அடகு வாங்கவில்லை. அறுந்த கயிற்றுக்குப் பதில் புதுக்கயிறு மட்டும் கேட்டார். பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு.