கடல் பக்கம் சுவர் இல்லாத வீடு

ராயபுரம் கஸ்பாருக்கு ரயில்வே டிராயிங் ஆபீசில் படி எடுக்கும் வேலை. பாலம், ஷெட்டு, சிக்னல் கம்பம் என்று அடுத்தவர் போட்ட கோட்டின் மேலேயே பதினெட்டு வருஷம் கோடு இழுத்தவர். சொந்தமாக ஒரு கோழிக்கூண்டுகூட வரைந்ததில்லை. அவரிடம் போய் 1927-ல் ஒருவர் வீட்டுக்கு பிளான் கேட்டால், மனிதருக்குத் தலைகால் புரியுமா?

கேட்டவர் ரஹீமுன்னிசா. தோல் மண்டி வைத்திருந்த கணவர் இறந்தபோது, எண்ணூர்க் குப்பத்தை ஒட்டி ஒரு மனையை விட்டுப் போயிருந்தார். கோஷாப் பெண்மணி, கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்.

“கஸ்பார் பாய், துட்டு கம்மி. மாடி வாணாம், ஜோடனை வாணாம். முக்காடு இல்லாம நான் காத்துல குந்தணும். ஒருத்தன் கண்ணும் படக்கூடாது. அவ்ளோதான்.”

காற்று வர வேண்டும், கண் வரக்கூடாது. இரண்டும் ஒரே வீட்டில் எப்படிச் சேரும்? இந்தக் கேள்வி கஸ்பாரைப் பிடித்துக்கொண்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் எண்ணூருக்கு ரயிலேறுவார். மனையில் ஒரு கழியை நட்டு, உச்சியில் துணிக்கிழிசலைக் கட்டி, அது எந்த மணிக்கு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். குப்பத்து ஜனங்கள் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

முதல் பிளானில் பழக்கதோஷம். துரைமார் பங்களா மாதிரி தெருவைப் பார்த்து அகல வராந்தா. அது கதவிடுக்கு வழியாகவே திரும்பி வந்தது.

இரண்டாவது பிளானில் வீடு தெருவுக்கு முதுகைக் காட்டியது. மூன்று பக்கமும் உயரச் சுவர். வாசற்கதவைத் திறந்தாலும் எதிரே இன்னொரு சுவர்தான் தெரியும். செலவைக் குறைக்கப் பக்கத்துக் கழிமுகத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, நாட்டு ஓடு. கிழக்கே மட்டும் கடலைப் பார்த்துத் திறந்த தாழ்வாரம். கடலில் யார் இருக்கப் போகிறார்கள்? ரயில்வேக்காரர் புத்தி அப்படி. தண்டவாளம் போகாத இடத்தில் ஆளே இல்லை என்று நினைப்பு.

வீடு முடிந்து வெள்ளையடித்து இரண்டு மாசம் ஆன பிறகுதான் மீன்காரி பட்டம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“இன்னா நைனா, அந்தம்மாவ கடலுக்குக் காட்டத்தான் கட்னியா? எங்க ஆம்பளைங்க கட்டுமரத்துலேர்ந்து கரையத்தானே பாத்துகினு கீறாங்க!”

ஆள் உட்கார்ந்தால் கடலிலிருந்து எப்படித் தெரியும் என்று பார்க்க, கஸ்பார் தன் வெள்ளை வேட்டியைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுவிட்டு, பட்டம்மாளின் புருஷன் வேலப்பனின் கட்டுமரத்தில் ஏறினார். ராயபுரத்தில் பிறந்தும் அன்றுதான் முதல் தடவை. பாதி தூரத்திலேயே வாந்தி.

“அதோ பாரு நைனா,” என்றான் வேலப்பன். “வெள்ளச் செவுத்துல கருப்பா உன் தாவாரம் தெரியுதா? அதுக்கு நேர் மேல அந்த ஒத்தப் பனை வந்தா, இங்க அடியில பாறை. வஞ்சிரம் அங்கதான் கீது. ரெண்டு மாசமா உன் வூடுதான் எங்களுக்கு அடையாளம்.”

கருப்பின் நடுவே வேட்டி பளிச்சென்று தெரிந்தது.

“தாவாரத்த அடைச்சு செவுரு வெச்சிட்டா?”

“வெச்சா அடையாளம் பூடும். அப்பால பாறைய எங்க போய்த் தேடறது?”

மறுநாள் ரஹீமுன்னிசாவின் கதவுக்கு முன்னால் நின்று கஸ்பார் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

“தப்பு என்னுதுதாம்மா. குப்பத்துக்காரங்க கையில கால்ல வுழுந்து, என் துட்டுலயே செவுரு வெச்சிக் குடுக்கறேன். காத்துதான் வராது.”

உள்ளேயிருந்து கேள்விதான் வந்தது.

“வேட்டின்னு தெரிஞ்சிதா?”

“தொங்கவுட்டவன் நானு, எனக்குத் தெரிஞ்சிது. வேலப்பனுக்கு வெள்ளையா இன்னாவோ கீதுன்னுதான்.”

“மூஞ்சி?”

“அம்மாந்தூரத்துலேர்ந்து மூஞ்சி எங்கம்மா தெரியும்?”

“அப்போ செவுரு வாணாம் பாய். நாப்பது வருசமா செவுத்தத்தான் பாத்துகினு கீறேன். வெள்ளையா இன்னாவோ கீதுன்னு அவுங்க பாத்துக்கட்டும். நானும் அவுங்கள பாக்கறேன்.”