ஹாலில் எடுத்த ரீடிங்

1. சீசன் நேரம்

"அண்ணாச்சி, அங்கனயே குடியிருக்கப் போறீங்களா? இன்னும் ஏழு டிக்கெட்டு பெண்டிங் கெடக்கு!"

போனில் கத்தியவர் எங்கள் தென்காசி ஆபீஸ் சூப்பர்வைசர். என்னைவிட இருபது வயது சின்னவர். நான் அப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மொட்டைமாடியில் சாரலில் நனைந்துகொண்டு, குரங்கு கடித்துப் போட்டிருந்த வயரை ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பாஷையில் டிக்கெட் என்றால் ஒரு கஸ்டமர் கொடுத்த ஒரு புகார். அதை மூடினால்தான் அன்றைய கணக்கில் வேலை செய்ததாக அர்த்தம்.

என் பெயர் இசக்கிமுத்து. முதலில் டெலிபோன் லைன், பிறகு கேபிள், கடைசியில் ஃபைபர் நெட் என்று முப்பது வருடம் ஏணி தூக்கியவன். இப்போது ஓய்வு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள், "நீங்க பாத்ததுலயே கஷ்டமான கேஸ் எது அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். குரங்குக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவேன். இது சிரிக்கிற கேஸ் இல்லை. சின்ன கேஸ். வீட்டுக்குள் வைஃபை வரவில்லை, அவ்வளவுதான். தினமும் நாலு வரும். வைஃபை பெட்டியைத் தூசி படாமல் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் டிவிக்குப் பின்னால் திணித்து வைத்திருப்பார்கள். எடுத்து வெளியே வைத்தால் முக்கால்வாசி டிக்கெட் மூடிவிடும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

லாட்ஜ் வேலையை முடித்துவிட்டு, ஐந்தருவி போகிற ரோட்டில் இருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். ஒரே மாதத்தில் அவர்கள் கொடுத்த மூன்றாவது புகார் அது.

2. பன்னிரண்டு நிமிடம்

வீட்டுக்காரர் ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு. ஸ்டேஷனில் பல வருடம் ரைட்டராக இருந்து புகார், வாக்குமூலம் எல்லாம் எழுதியவர். ஊரில் எல்லோருக்கும் இன்னமும் ஏட்டையாதான். ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரும்வே. மூணாவது ஆளு நீரு. முன்ன வந்த ரெண்டு பேரும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டுப் போயிட்டானுவ."

பெட்டி ஹாலில் சுவர் அலமாரியில் இருந்தது. துணியை எடுத்தேன். பவர் மீட்டர் போட்டேன். மைனஸ் பத்தொன்பது. அருமையான ரீடிங். என் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். நூறு பிளானுக்குத் தொண்ணூற்றாறு காட்டியது. இதற்கு மேல் லைனில் பார்க்க ஒன்றுமில்லை.

உள் அறையிலிருந்து ஒரு பெண் குரல், "ஹலோ, கேக்குன்னுண்டோ சேச்சி? கேக்குன்னுண்டோ?" என்று மலையாளத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தது. எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கவில்லை போல. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண், கழுத்தில் ஹெட்செட் தொங்க, அறை வாசலுக்கு வந்தாள். பெயர் மகேஸ்வரி. ஏட்டையாவின் மருமகள். கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ போஸ்டிங். தாய் வீடு கேரள எல்லையில் செங்கோட்டை, அதனால் மலையாளம் நன்றாக வரும். அந்த மலையாளத்தை வைத்துத்தான் கேரளத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். நோயாளிகள் போன் செய்தால் டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை.

"அண்ணாச்சி, இங்கன நல்லாத்தான் வரும். என் ரூம்லதான் கட்டாவுது. கதவ அடைச்சுட்டா சுத்தமாப் போயிருது" என்றாள்.

"அப்பம் கதவத் தொறந்து வச்சுக்கிடுங்கம்மா."

"தொறந்து வச்சா டிவி சத்தம், மாடியில வந்து தங்கிருக்க ஆளுவ சத்தம் எல்லாம் பேஷண்டுக்குக் கேக்குது. அதுக்கும் ஒரு கம்ப்ளெய்ண்டு வந்துட்டு."

"மொபைல் நெட்டுல போட்டுப் பாத்தீங்களா?"

"இந்த சீசன் கூட்டத்துல மொபைல்ல எங்க அண்ணாச்சி நெட்டு கெடைக்குது?"

அதுவும் உண்மைதான். சீசனில் குற்றாலத்து டவர் எல்லாம் மூச்சுத் திணறும்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "மூணு வார்னிங் குடுத்துட்டாவ. நான் வேல செய்ய வலிச்சு வேணும்னே போன கட் பண்ணுதேன்னு நெனைக்காவ. நெட்டுலதான் கோளாறுன்னு உங்க கம்பெனி ரிப்போர்ட்டு குடுத்தா சரி பண்ண டைம் தாரோம்னு சொல்லிருக்காவ. ஒரு எட்டு உள்ள வந்து பாத்துட்டு எழுதுங்க அண்ணாச்சி. இல்லைன்னா இந்த வேல போயிரும்."

நான் உள்ளே போகவில்லை.

பெண்கள் புழங்குகிற அறைக்குள் கால் வைப்பதில்லை என்று எனக்கு ஒரு வழக்கம். கூட வேலை பார்த்த ஒருவர் மேல் முன்பு ஒரு வீட்டில் புகார் வந்ததிலிருந்து அப்படி. மரியாதையான வழக்கம் என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன். ஆனால் அன்றைக்கு ஏட்டையா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே! மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு அவசரம். அதைவிட மோசமான காரணம் ஒன்று உண்டு. நான் அந்தப் பிள்ளையை நம்பவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் எல்லாப் பழியையும் நெட் மேல் போடுவார்கள் என்று ஆபீஸில் நாங்கள் பேசிச் சிரிப்பது வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஏட்டையா வேறு ஒத்து ஊதினார். "என் போன்ல படம் நிக்காம ஓடுது. இவளுக்கு மட்டும் என்ன கேடுன்னு தெரியல."

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் மறுபடி கூப்பிட்டார். நான் போனில் கம்பெனி ஆப்பைத் திறந்தேன். டிக்கெட்டை மூட அதில் ஒரு பட்டியல் வரும், ஒன்றைத் தொட வேண்டும். 'கோளாறு இல்லை, கஸ்டமர் சாதனத்தில் பிரச்சினை' என்பதைத் தொட்டேன். இணைப்பு ஏட்டையா பேரில் இருந்ததால் ஓடிபி அவர் போனுக்குப் போனது. நம்பரைச் சொன்னார், போட்டேன், டிக்கெட் மூடியது. உடனே அவருக்கு ஒரு மெசேஜ் வந்தது. அதை ஸ்டேஷனில் எஃப்ஐஆர் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"தங்கள் இணைப்பு பரிசோதிக்கப்பட்டது. சிக்னல் நன்றாக உள்ளது. கோளாறு எதுவும் இல்லை." வாசித்துவிட்டு மருமகளைப் பார்த்தார். "கேட்டியாம்மா? எழுத்துல வந்துட்டு."

மகேஸ்வரி என்னைப் பார்த்து, "அண்ணாச்சி..." என்று தொடங்கினாள். அதற்குள் ஹெட்செட்டில் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்க் கதவை அடைத்துக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த வீட்டில் நான் இருந்தது பன்னிரண்டு நிமிடம். ஆப்பில் பதிவாகியிருக்கிறது.

3. பெட்டியை எடுக்கப் போன நாள்

சீசன் முடிந்தது. ஐப்பசி பிறந்த பிறகு அதே வீட்டு முகவரி என் போனில் வந்தது. இந்த முறை புகார் இல்லை. இணைப்பு வேண்டாமாம், பெட்டியைக் கழற்றி எடுத்து வர வேண்டும்.

"எடுத்துக்கிடும்வே. அவளுக்கு வேலதான் போயிட்டே. இனிமே நெட்டு எதுக்கு?" என்றார் ஏட்டையா.

எனக்குச் சுருக்கென்றது. பெட்டியில் கை வைக்கப் போனபோது, அவர் உள்ளே இருந்து கூப்பிட்டார். "முதல்ல ஒரு கை பிடியும். பீரோவ மாடிக்கு ஏத்த ஆளு வந்துருக்கு, ஒரு ஆளு கொறையுது."

அன்றைக்கு வாசல்படி தாண்டாத என் கால், பீரோ தூக்கக் கூப்பிட்டதும் தாண்டிவிட்டது. அது மகேஸ்வரியின் அறை. சுவரை ஒட்டி இரண்டு இரும்பு பீரோக்கள் இடைவெளியில்லாமல் நின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு சின்ன மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்தச் சுவர் எது என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம், அதே இடத்தில்தான், ஹால் அலமாரியில் எங்கள் பெட்டி இருக்கிறது.

குற்றாலத்தில் சீசனுக்கு மாடியை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். மாடியில் இருக்கிற பீரோ, கட்டில் எல்லாம் கீழே இறங்கி, கிடைத்த அறையில் அடையும். எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும், எனக்குத் தெரியாததும் இல்லை. வைஃபை செங்கல் சுவரை எப்படியோ தாண்டிவிடும். துணி அடைத்த இரண்டு இரும்பு பீரோவைத் தாண்டாது. கதவு திறந்திருந்தால் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் வரும். கதவை அடைத்தால் அதுவும் போச்சு. அந்தப் பிள்ளை இதைத்தான் முதல் வாக்கியத்திலேயே என்னிடம் சொன்னாள்.

நெட் நின்றிருந்தாலும் பெட்டி சிக்னல் வீசிக்கொண்டுதான் இருந்தது. தூக்க வந்தவர்களை நிற்கச் சொன்னேன். கதவை அடைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். மைனஸ் எண்பத்திநாலு. எண்பதைத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்து போகும். பீரோக்களை எடுத்த பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மைனஸ் ஐம்பத்தெட்டு. தங்குதடையில்லாமல் சினிமாவே பார்க்கலாம்.

முதல் தடவை வந்த அன்றைக்கு என் பையில், வைஃபை இல்லாமலே கம்ப்யூட்டருக்கு நெட் கொடுக்கிற லேன் வயர் பத்து மீட்டர் கிடந்தது. பீரோவை அசைக்கக்கூட வேண்டாம். பெட்டியிலிருந்து அந்த மேசைக்கு வயர் இழுத்துவிட்டிருந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும்.

மகேஸ்வரி கொல்லைப் பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் மறைக்கவில்லை. "யம்மா, தப்பு என் மேலதான். பீரோதான் சிக்னல மறிச்சுருக்கு. நான் அன்னைக்கு உள்ள வந்து பாத்திருக்கணும்" என்றேன்.

பீரோ நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"மாடியில இருந்து எறக்கினதுக்கு அப்புறந்தான் கட்டாவ ஆரம்பிச்சுது. எனக்கும் தோணல பாத்தீங்களா" என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்கள். அவளிடம் இருந்தது மாமனார் போனுக்கு வந்த அந்த மெசேஜ் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பியிருக்கிறாள். கோளாறு இல்லை என்று நெட் கம்பெனியே சொல்கிறது, அப்படியானால் நீதான் கட் செய்திருக்கிறாய் என்று நிறுத்திவிட்டார்கள்.

4. சீல்

வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் கேட்கிற பாடம் இதுதான். எந்த அறையில் வரவில்லை என்கிறார்களோ அந்த அறைக்குப் போங்கள். வீட்டு ஆளைக் கூட வைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்காருங்கள். கதவை அடைத்தால் வராது என்றால் கதவை அடைத்துப் பாருங்கள். வாயால் சொல்வதை முதலில் நம்புங்கள், மீட்டரை அப்புறம் எடுங்கள். நான் இதோடு நிறுத்தினால் நல்லவன் மாதிரி தெரிவேன். ஆனால் அதற்குப் பிறகும் நடந்தது இருக்கிறது.

"இப்பவே சரியா எழுதித் தாரேன். அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றேன்.

"அந்த சீட்டுக்கு வேற ஆளு எடுத்துட்டாவ அண்ணாச்சி." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா எழுதுங்க. நான் பொய் சொல்லலன்னு ஒரு வரி சேத்து எழுதுங்க. மாமாவுக்குக் காட்டணும். அவுககிட்டயும் போன்ல அந்த மெசேஜத்தான் வாசிச்சுக் காட்டுனாவ. வேல செய்ய வலிச்சு சாக்கு சொன்னேன்னுதான் ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் நெனைச்சுருக்காவ."

அவுக என்றது கணவரை. கம்பெனி படிவத்தை எடுத்து இரண்டு ரீடிங்கையும் எழுதினேன். அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. 'வாடிக்கையாளர் முதல் நாளே சொன்னது உண்மை. அறைக்குள் போய்ப் பார்க்காதது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏட்டையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"சீல் இல்லையேவே."

போட்டுக் கொண்டு வருகிறேன் என்று தென்காசி ஆபீஸுக்குப் போனேன். சூப்பர்வைசர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "எப்பவோ மூடுன டிக்கெட்ட இப்ப எதுக்குத் தோண்டுதீங்க அண்ணாச்சி? தப்பு எங்க மேலன்னு கம்பெனி சீல் வச்சுக் குடுக்குமா?" என்றார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை.

மறுநாள் அதே தாளை எடுத்துக்கொண்டு ஏட்டையா முன்னால் போய் நின்றேன். "சீல் வைக்க மாட்டேங்காவ ஏட்டையா. ஆனா சத்தியமா இதுதான் நடந்தது. அந்தப் பிள்ள சொன்னது நெசம்" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, அன்பாகத்தான் சிரித்தார். "விடும்வே. அவ கேட்டுருப்பா, நீரும் எரக்கப்பட்டு எழுதிக் குடுத்துட்டீரு. நான் எத்தன ஸ்டேட்மெண்ட் எழுதிருப்பேன், எனக்குத் தெரியாதா?" தாளை நாலாக மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார்.

மகேஸ்வரி அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

நான் பார்த்து, சோதித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உண்மையை அவர் இரக்கம் என்று எடுத்துக்கொண்டார். பார்க்காமலே நான் அனுப்பிய அந்த மெசேஜுக்கு அவர் சீல் கேட்கவில்லை.