அம்மா சொன்ன ஒன்றரைப் பக்கம்

தொண்ணூற்றொன்றில் எங்கள் பொருளாதாரத் துறையில் டீ குடிக்கக்கூடக் கட்சி பிரிந்திருந்தது. புதிய பொருளாதாரக் கொள்கை வந்த ஆண்டு அது. சந்தையைத் திறந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகும் என்பார் என் வழிகாட்டி. நாடே விலைபோய்விட்டது என்பார் இடதுசாரிப் பேராசிரியர். என் எம்.ஃபில். ஆய்வேட்டுக்கு இருவர் கையெழுத்தும் வேண்டும். சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்த எனக்கு இரண்டு பேரிடமும் பயம்.

ஆய்வு, எங்கள் ஊர் நடவுப் பெண்களின் கூலி பற்றியது. ஒரகடம் பக்கம் கூலி அதிகம். ஆனாலும் இவர்கள் போவதில்லை. ஏன் என்று பலரைக் கேட்டேன். தெளிவாகப் பதில் சொன்னவள் என் அம்மா.

“அங்க கூட குடுக்கறாங்கன்னு தெரியும்டி. இங்க நடவு நட்டாத்தான் நெலக்காரரு வருசம் பூரா வரப்புல புல்லு அறுக்க வுடுவாரு. நான் அங்க போய்ட்டா மாடு இன்னாத்தத் தின்னும்? அந்தப் பால வித்துதான நீ காலேஜுக்குப் போய்க்கினு கீற?”

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஆய்வேடு முழுவதிலும் எனக்குப் பெருமையாக இருந்த இடம் அதுதான். ஆனால் ‘நடவு வேலை செய்யும் ஒரு பெண்’ என்று மட்டும் குறிப்பிட்டேன். யார் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வழிகாட்டி குறுக்கே கோடு போட்டார். “இதெல்லாம் கதைம்மா. வெளியூர்க் கூலி நிலவரம் அந்தம்மாவுக்குத் தெரியாது. தகவல் குறைபாடுன்னு ஒரு வரி போதும். அந்த இடத்துல ஒரு வரைபடம் போடுங்க.”

கோபத்தோடு மற்றவரிடம் ஓடினேன். ஏழைகளுக்காக மேடையேறிப் பேசுகிறவர் ஆயிற்றே. நின்றபடியே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “தான் சுரண்டப்படறதே அந்தம்மாவுக்குத் தெரியாது. அவங்க சொன்னதை அப்படியே போட்டா நிலக்காரனுக்கு வக்காலத்து வாங்கற மாதிரி ஆயிடும். எடுத்துடுங்க.”

எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர், என் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஆனால் பக்கத்தை எடுத்தது நான்தான். எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது.

பைண்டு செய்த ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பள்ளிக்கூடம் போனதே இல்லை. “நான் சொன்னதப் போட்டியே, அதப் படி” என்றாள்.

அந்தப் பகுதி இருந்திருக்க வேண்டிய பக்கத்தைத் திறந்தேன். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்வதுபோல நினைவிலிருந்து சொன்னேன். வரப்பு, புல், மாடு, பால் என்று ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

அம்மா பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன்மேல் விரலை வைத்தாள். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் வரைபடம் அது. பக்கம் முழுக்க அதுதான் இருந்தது.

“இதுல எழுத்தே இல்லியேடி. எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கண்ணுமா தெரியாது?”