குறையக் கூடாத எண்

பிள்ளையள், மூத்தவளின் கால் முறிந்த கதையை நீங்கள் ஆளுக்கொரு மாதிரிச் சொல்லித் திரிகிறீர்கள். அதில் நான் விட்ட பிழையை நானே எழுதி வைக்கிறேன்.

சைக்கிளோடு விழுந்து அவளுக்கு முழங்காலுக்குக் கீழே முறிந்தது. பிளாஸ்ரர் போட்ட அன்றே நான் அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன்: கால் பொருந்தும்வரை வீட்டில் மச்சம் இல்லை. மீன், முட்டை ஒன்றும் சட்டியில் ஏறாது. அவளோ மீன் இல்லாமல் சோறு தின்னாத பிள்ளை. சொதியோடு இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். நோவில் பசிக்காது என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதமும் எக்ஸ்றேயில் முறிவு கறுத்த கோடாகவே தெரிந்தது. இரத்தம் சோதித்தார்கள். அறிக்கையில் ஒரு எண் குறைவு. சீனி, கொலஸ்ரரோல் எல்லாம் குறைந்தால் நல்லதுதானே என்று எலும்பு டொக்டரிடம் சந்தோசமாக நீட்டினேன்.

அந்தப் பெண் டொக்டர் சிரிக்கவில்லை. "ஐயா, இது குறையக் கூடாது. எலும்பு மச்சைக்குள்ளை மூலக்கலங்கள் இருக்கு. கொழுப்பாகிறதோ எலும்பாகிறதோ எண்டு இன்னும் முடிவெடுக்காத கலங்கள். எலும்பு கட்டப் போறவை ஒரு நொதியத்தை உண்டாக்கும். அதின்ரை அளவுதான் இந்த எண். அது வேலை செய்தால்தான் கல்சியம் படிஞ்சு எலும்பு இறுகும். அந்த நொதியத்துக்குத் துத்தநாகம் வேணும்."

"தகரத்துக்குப் பூசுறதோ?"

"அதுதான். துளியளவு. பிள்ளை என்ன சாப்பிடுறா?"

உங்கடை அம்மாதான் நேர்த்தியைப் பற்றிச் சொன்னா.

"இண்டையிலிருந்து மீன், முட்டை குடுங்கோ. ஆறு கிழமை பாப்பம். எண் ஏறி எலும்பு பிடிக்காட்டி ஒப்பரேசன்."

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனம் வரவில்லை. நேர்த்தியை முறித்தால் அந்தக் கால் என்ன ஆகுமோ என்ற பயம். மூத்தவள் கட்டிலில் இருந்தபடி சொன்னாள்: "அப்பா, நேத்தி வைச்சது நீங்கள். கால் என்ரை."

"அம்மன் கோவிச்சால்?"

"உங்களோடை கோவிக்கட்டும். நீங்கள்தானே எந்நாளும் அவவோடை கதைக்கிறனீங்கள்."

விடிய நானே மயிலிட்டிக்குப் போய் மீன் வாங்கி வந்தேன். நேர்த்தியை நான் மட்டும் காத்தேன். ஆறு கிழமையும் அவள் தட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

எண் ஏறியிருந்தது. கறுத்த கோட்டின் குறுக்கே மெல்லிய வெள்ளை படர்ந்திருந்தது.

"பிடிக்குது," என்றா டொக்டர். "சாப்பாட்டாலை மட்டும் எண்டு சொல்லமாட்டன். ஒப்பரேசன் வேண்டாம்."

நீங்கள் எல்லாரும் மருந்து வரிசைக்குப் போன பிறகு, ஆளில்லாத ஆஸ்பத்திரி நடையில் ஒரு மர வாங்கில் இருந்தேன். அம்மன் என்னோடு கோவித்திருப்பாவோ என்று காற்சட்டையை உயர்த்தி, என் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை எலும்பைப் பெருவிரலால் அமத்திக்கொண்டே போனேன்.