அட்டையைப் படம் பிடித்த கதை

போன வருசம் கைபேசியில் கவ்வி மாட்டுகிற ஒரு குட்டி லென்ஸ் வாங்கினேன். எறும்பையும் யானையளவு காட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. இரத்தினக்கல் தோண்டுகிற ஊரான நிவித்திகல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருக்கும் எனக்கு அதுவரை இருந்த கலை அனுபவமெல்லாம், தொழிலாளர் பெயர்ப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு போட்டது மட்டுந்தான்.

முதலில் எறும்பு, சிலந்தி என்று எல்லோரும் எடுப்பதையே எடுத்தேன். பிறகுதான் ஞானம் வந்தது. இறங்குகிற சூரியனுக்கு எதிரே வைத்தால், ஒளி ஊடுருவுகிற எதுவும் அழகாகிவிடும். தேயிலைத் தளிர் பச்சைக் கண்ணாடியானது. என் காது மடல்கூட நன்றாகவே வந்தது. கலைஞன் அத்தோடு நிற்பானா? எங்கள் மலையில் குறைவில்லாமல் கிடைக்கும் அட்டையைத் தேர்ந்தெடுத்தேன்.

பசித்த அட்டை வெளிச்சத்துக்கு எதிரே வெறும் கறுப்பு நூல். கொஞ்சம் இரத்தம் குடித்தால்தான் நிறம் வரும். ஆகவே நான்கு மாலை, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஆற்றோரப் புல்லில் உட்கார்ந்தேன்.

"ஊரே அட்டை ஏறாம காலுக்கு சவுக்காரம் பூசிக்கிட்டு மலைக்குப் போவுது. நீங்க என்னடான்னா கூப்பிட்டு வச்சு ஊட்டுறீங்க" என்றாள் மனைவி.

ஐந்தாம் நாள் படம் அமைந்தது. புல் நுனியில் உருண்டு திரண்ட அட்டை, பின்னால் சூரியன், உள்ளே எரிகிற செக்கச் சிவப்பு. 'அந்தி' என்று மட்டும் எழுதி முகநூலில் போட்டேன். அட்டை என்றும் எழுதியிருக்கலாம். கலைக்கு விளக்கம் சொல்வது அற்பம் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை டவுனிலிருந்து ஒரு இரத்தினக்கல் வியாபாரி மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். முன்பின் பார்த்திராத மனிதர்.

"கல்ல ஒருக்கா பாக்கலாமா?"

"எந்தக் கல்லுங்க?"

தன் போனில் என் படத்தைக் காட்டினார்.

"அது அட்டைங்க."

"கூடெல்லெக்த?" என்று, அட்டையா என்பதைச் சிங்களத்திலும் ஒருமுறை கேட்டுவிட்டுச் சிரித்தார். "வேற ஆளுக்குப் பேசியாச்சுன்னா சொல்லிடுங்க. அதுக்காக அட்டையின்னா சொல்றது?"

காலில் இருந்த கடிவாய்களைக் காட்டினேன். மண் தோண்டும்போது பட்ட காயம் என்று எடுத்துக்கொண்டார்.

செய்தி பரவி, அன்று மாலைக்குள் ஆற்றோரத்தில் ஆறேழு பேர் கல் தேடி மண்வெட்டியோடு நின்றார்கள். அடுத்த நாள் தோட்ட மேனேஜரான பெரிய தொரை என்னைக் கூப்பிட்டார்.

"தோட்டத்து நிலத்துல கெடைச்சது எதுவா இருந்தாலும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். தெரியுமில்ல?"

"தெரியுங்க சேர்."

"அப்ப எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். என் வசமிருந்த அட்டை ஒன்றை ஆற்றோரப் புல்லிலேயே தோட்டத்திடம் ஒப்படைத்துவிட்டேன் என்று. இரண்டு தரம் வாசித்தார். பிறகு முத்திரை குத்தி ஃபைலில் போட்டார்.

கடைசியில் நம்பியவர் வியாபாரிதான். அவர் மறுபடி வந்தபோது சாயங்காலம்வரை இருக்கச் சொல்லி, ஆற்றோரம் கூட்டிப் போனேன். என் காலைவிட அவர் கால்தான் அட்டைகளுக்குப் பிடித்தது. கத்தினார், குதித்தார். ஒன்றை மெதுவாக எடுத்துப் புல்லில் விட்டு, சூரியனுக்கு எதிரே லென்ஸைப் பிடித்து அவரையே பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். நான் படமும் எடுத்துக்கொண்டேன்.

"என் இரத்தமா இது?" என்றார், குரல் இறங்கி.

அந்தப் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினார். இப்போதும் அவர் போனின் முகப்பில் அதுதான் இருக்கிறது. பார்த்தவர்களெல்லாம் விலை கேட்கிறார்களாம். அட்டை என்று அவர் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லையாம்.